ஒன்பது மாத்திரையும் ஒரு மயக்கமும்: முதியோர் சிகிச்சையில் ஏஐ-யை எதுவரை நம்பலாம்?

ஓசூரில் வேலை பார்க்கும் ஒருவர் கேட்டிருக்கிறார்: "அம்மாவுக்கு 80 வயது, எடை 40 கிலோ. பென்னாகரம் பக்கத்தில் கிராமத்தில் அக்காவோடு இருக்கிறார். சர்க்கரை, பிரஷர், கால் எரிச்சல், முட்டிவலி. நாளைக்கு ஒன்பது மாத்திரை. இரண்டு மாதமாக மயக்கமாக இருக்கிறது என்கிறார். போன வாரம் வாசலில் விழுந்துவிட்டார், நல்லவேளை அடி இல்லை. மருந்துச் சீட்டையும் ரத்தப் பரிசோதனை ரிப்போர்ட்டையும் போட்டோ எடுத்து ஏஐ-யிடம் கொடுத்தேன். சிறுநீரகம் 26 தான் வேலை செய்கிறது, அதனால் கிளிபென்கிளமைடு, மெட்ஃபார்மின் என்ற இரண்டு சர்க்கரை மாத்திரையையும் நிறுத்து என்கிறது. லேப் ரிப்போர்ட்டிலோ கிரியாட்டினின் 1.1, நார்மல் என்று இருக்கிறது. சீட்டை உங்களுக்கும் அனுப்பியிருக்கிறேன். எதை நம்புவது? டாக்டரிடம் இதைச் சொன்னால் கோபித்துக்கொள்வாரா?"

அவசரமானதை முதலில் சொல்லிவிடுகிறேன். கிளிபென்கிளமைடு விஷயத்தில் ஏஐ-க்கு வந்தது சரியான சந்தேகம். மெட்ஃபார்மின் விஷயத்தில் அது போட்ட கணக்கு தவறு. இரண்டையும் நீங்களாக ஒரே நாளில் நிறுத்த வேண்டாம். இன்றைக்கே அக்காவிடம் சொல்லி குளுக்கோமீட்டரில் சர்க்கரை பார்க்கச் சொல்லுங்கள். மயக்கம் என்று அம்மா சொல்கிற அந்த நேரத்திலேயே பார்த்தால் இன்னும் நல்லது. 70-க்குக் கீழே இருந்தால் உடனே சர்க்கரைத் தண்ணீர் கொடுத்து, 15 நிமிடம் கழித்து மறுபடி பார்த்துவிட்டு, அடுத்த வேளை கிளிபென்கிளமைடு கொடுப்பதற்கு முன்னால் டாக்டருக்குப் போன் செய்யுங்கள். விழுங்க முடியாத அளவுக்குச் சோர்ந்து கிடந்தால் வாயில் எதுவும் ஊற்றாமல் 108-ஐக் கூப்பிடுங்கள். சர்க்கரை சரியாகவே இருந்தாலும் இந்த வாரத்துக்குள் அம்மாவை நேரில் காட்டிவிடுங்கள். விழுந்தவர் மறுபடி விழுவார்.

இனி விளக்கம். தர்மபுரி, கிருஷ்ணகிரி இரண்டு மாவட்டத்திலும் இருபது வருடத்துக்கு மேலாக வயதானவர்களைப் பார்த்துவருகிற ஒரு பொதுமருத்துவனாக எழுதுகிறேன். ஏஐ-யை நானும் பயன்படுத்துகிறேன், அதனால் அதன் பலமும் பலவீனமும் கையில் பட்டே தெரியும்.

கிளிபென்கிளமைடு பழைய மாத்திரை, விலை குறைவு, சர்க்கரையை நன்றாகவே இறக்கும். சிக்கல் என்னவென்றால் அது உடம்பில் நீண்ட நேரம் நிற்கும், சிறுநீரகம் மந்தமானால் இன்னும் நீண்ட நேரம் நிற்கும். ராத்திரி அரை உருண்டை களி தின்றுவிட்டுப் படுக்கிற 80 வயது அம்மாவுக்கு விடியற்காலையில் சர்க்கரை தரையைத் தொட்டுவிடும். வயதானவர்களுக்குத் தவிர்க்க வேண்டிய மருந்துகளை அமெரிக்க மருத்துவர் மார்க் பியர்ஸ் 1991-ல் பட்டியலாக வெளியிட்டார். அதை அமெரிக்க முதியோர் மருத்துவச் சங்கம் அவ்வப்போது திருத்தி வெளியிடுகிறது, 2023-லும் ஒரு திருத்தம் வந்தது. கிளிபென்கிளமைடு அந்தப் பட்டியலில் இருக்கிறது. ஏஐ அதைப் படித்திருக்கும். இந்த மாதிரிப் பட்டியலைச் சரிபார்க்கிற வேலையில் கம்ப்யூட்டர் மனிதனைவிட நிச்சயமாகக் கெட்டி. காலை ஓபி-யில் நூறு பேரைப் பார்த்துக் களைத்த டாக்டருக்கு மறக்கும், அதற்கு மறக்காது.

அடுத்து அந்த 26. இதைக் கொஞ்சம் நிதானமாகப் பார்க்கலாம், ஏனென்றால் உங்கள் குழப்பம் முழுவதும் இங்கேதான் இருக்கிறது.

கிரியாட்டினின் தசையிலிருந்து வருகிற கழிவு. தசை குறைந்த மெலிந்த பாட்டிக்கு அது குறைவாகத்தான் உற்பத்தியாகும். அதனால் சிறுநீரகம் பாதி வேலை செய்தாலும் ரிப்போர்ட்டில் 1.1 என்று சாதுவாக உட்கார்ந்திருக்கும். லேப் காகிதம் அதை நார்மல் என்று அச்சடித்துவிடும். அதனால் டாக்டர்கள் வயது, எடை எல்லாம் சேர்த்து, சிறுநீரகம் நிமிடத்துக்கு எத்தனை மில்லிலிட்டர் ரத்தத்தைச் சுத்தம் செய்கிறது என்று கணக்குப் போடுவார்கள். காக்ராஃப்ட்-கால்ட் என்பது ஒரு முறை: 140-லிருந்து வயதைக் கழி, எடையால் பெருக்கு, 72 மடங்கு கிரியாட்டினினால் வகு, பெண் என்றால் 0.85-ஆல் பெருக்கு. உங்கள் அம்மாவுக்குப் போட்டால் 60 பெருக்கல் 40, அதாவது 2400. அதை 79.2-ஆல் வகுத்தால் 30.3. 0.85-ஆல் பெருக்கினால் கிட்டத்தட்ட 26. ஏஐ சொன்ன எண் இதுதான். இன்னொரு முறை சிகேடி-எபி, 2021-ல் திருத்தியது. அதில் எடையே கிடையாது. அதே அம்மா, அதே ரத்தம், அதில் போட்டால் 51 வருகிறது. சராசரி உடலளவு கொண்ட ஒருவருக்கு என்று வைத்துச் சொல்கிற எண் அது. அம்மாவின் சிறிய உடம்புக்கு ஏற்ப மாற்றினால் 40-க்குக் கொஞ்சம் கீழே வரும்.

எது சரி என்று கேட்காதீர்கள். எந்த மருந்துக்கு எது என்று கேட்க வேண்டும். மெட்ஃபார்மினை 30-க்குக் கீழே கொடுக்கக்கூடாது என்ற விதி இரண்டாவது முறையில் வரும் எண்ணுக்கு எழுதப்பட்டது. ஏஐ முதல் முறையில் 26 எடுத்து, இரண்டாவது முறையின் விதியோடு பொருத்திவிட்டது. படியில் அளந்ததை லிட்டர் கணக்கில் எழுதின மாதிரி. மெட்ஃபார்மின் அளவைக் கொஞ்சம் குறைக்கலாமா என்று டாக்டர் யோசிக்கலாம். அடியோடு நிறுத்துகிற கட்டாயம் இந்த எண்களில் தெரியவில்லை.

அந்த 26 உண்மையிலேயே பேச வேண்டிய மாத்திரை வேறொன்று. கால் எரிச்சலுக்குக் கொடுத்த பிரிகாபலின் 75, காலையும் இரவும். அதற்கான விதி காக்ராஃப்ட் எண்ணை வைத்துத்தான் எழுதப்பட்டிருக்கிறது. 15-க்கும் 30-க்கும் நடுவில் இருப்பவருக்கு ஒரு நாளைக்கு 150 மில்லிகிராம்தான் உச்சவரம்பு. அம்மா சரியாக அந்த வரம்பின் விளிம்பில் நிற்கிறார். இந்த மருந்து தலைசுற்றலும் தூக்கக் கலக்கமும் கொடுக்கும், கால் வீக்கமும் கொடுக்கும். ஏஐ இதைப் பற்றி உங்களிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை.

நீங்கள் அனுப்பிய மீதி மாத்திரைகளையும் வரிசையாக வைத்துப் பாருங்கள். பிரஷருக்கு அம்லோடிபின். கால் வீங்கியது, அந்த வீக்கம் அம்லோடிபினாலேயே வரும். வீக்கத்துக்கு நீர் பிரிய ஃபுரோசமைடு. நீர் பிரிந்து பிரிந்து, எழுந்தால் கண்ணைக் கட்டுகிறது. அதற்குச் சின்னரிசைன் இரண்டு வேளை. சின்னரிசைன் வயதானவர்களுக்கு மாதக்கணக்கில் போனால் கை நடுக்கமும் நடை இறுக்கமும் கொண்டுவரும். அதைப் பார்த்து யாராவது நடுக்க மாத்திரை எழுதினால் அது புத்தியைக் குழப்பும். நான் இப்படி ஒரு மாத்திரையைத் துரத்தி அடுத்த மாத்திரை போன வீடுகளை நிறையப் பார்த்திருக்கிறேன். ஒரே டாக்டர் செய்வதில்லை இது. பென்னாகரத்தில் ஒருவர், தர்மபுரியில் ஒருவர், மகன் லீவில் கூட்டிப்போன ஓசூரில் ஒருவர். ஒவ்வொருவரும் தன் முன்னால் இருந்த குறைக்கு நியாயமான மருந்தைத்தான் எழுதியிருப்பார். எந்த மாத்திரை எந்த மாதம் தொடங்கியது, எந்தத் தொந்தரவு அதற்குப் பின்னால் வந்தது என்ற தேதிகள் இருந்தால்தான் இந்தச் சங்கிலி கண்ணுக்குத் தெரியும். நீங்கள் கொடுத்த போட்டோவில் தேதி இல்லை. ஏஐ-யால் எப்படிப் பார்க்க முடியும்?

என்னைக் கேட்டால் முதியோர் சிகிச்சையில் ஏஐ தடுமாறுவதற்கு முக்கியக் காரணம் இதுதான். முடிவை மாற்றக்கூடிய தகவல் பெரும்பாலும் கம்ப்யூட்டருக்குள் போயிருக்காது. அது வீட்டுத் திண்ணையிலும் மாடத்திலும் பாட்டியின் வாயிலும் இருக்கிறது.

வாய் என்றதும் அந்த "மயக்கம்" என்ற சொல்லுக்கு வருகிறேன். நம் ஊரில் மயக்கம் என்றால் என்ன? தலை கிறுகிறுவென்று சுற்றினாலும் மயக்கம், எழுந்ததும் கண் இருட்டினாலும் மயக்கம், பசியில் கை கால் வெடவெடத்தாலும் மயக்கம், நினைவே இல்லாமல் விழுந்தாலும் மயக்கம், தூக்கம் அசத்தினாலும் மயக்கம். மருத்துவத்தில் இவை ஐந்தும் ஐந்து தனித்தனிப் பாதை: உள்காது, ரத்த அழுத்தம், சர்க்கரை, இதயம், மருந்து. நீங்கள் ஏஐ-யிடம் மயக்கம் என்று எழுதினால் அது ஒன்றை எடுத்துக்கொண்டு நம்பிக்கையோடு அந்தப் பாதையில் போய்விடும். வாய்வும் இப்படித்தான். "நெஞ்சில் வாய்வு அடைக்குது" என்று பாட்டி சொன்னதை வயிற்று உப்புசமாக எடுத்துக்கொண்டால் மாரடைப்பு கைநழுவும். வயதானவர்களுக்கு, அதிலும் சர்க்கரை உள்ளவர்களுக்கு, நெஞ்சுவலியே இல்லாமல் மாரடைப்பு வருவது உண்டு. தளி, தேன்கனிக்கோட்டைப் பக்கம் பாட்டிமார் கன்னடத்திலோ தெலுங்கிலோ சொல்லி, பேரன் தமிழில் சொல்லி, போன் அதை ஆங்கிலமாக்கும்போது என்ன மிஞ்சும் என்று நினைத்துப் பாருங்கள்.

இந்தத் தவறு மனிதனுக்கும் வரும். நானே செய்திருக்கிறேன். பாலக்கோடு பக்கத்து ஆயா ஒருவர், மகன் "மயக்கமாம் சார்" என்றார், நான் சீட்டில் தலைசுற்றல் என்று எழுதி மாத்திரை கொடுத்து அனுப்பினேன். இரண்டு நாளில் நினைவில்லாமல் தூக்கிவந்தார்கள். சர்க்கரை 48. பிழைத்துவிட்டார். அன்றிலிருந்து மகனைக் கொஞ்சம் ஒதுங்கச் சொல்லிவிட்டு, "ஆயா, மயக்கம்னா எப்படி, கையால காட்டுங்க" என்று கேட்பேன். ஒருவர் விரலால் வட்டம் போடுவார். ஒருவர் உள்ளங்கையால் கண்ணை மூடிக் காட்டுவார். ஒருவர் கையை நடுக்கிக் காட்டுவார். பாதி நோய் அங்கேயே தெரிந்துவிடும். உங்கள் அம்மாவிடமும் இதைக் கேளுங்கள், போனில் அல்ல, எதிரில் உட்கார்ந்து.

மெடிக்கல் கடை செட் மாத்திரையைப் பற்றியும் சொல்ல வேண்டும். முட்டிவலி இருக்கிறது என்கிறீர்கள், சீட்டிலோ முட்டிவலிக்கு ஒரு மாத்திரையும் இல்லை. அப்படியானால் அம்மா என்ன சாப்பிடுகிறார்? நம் பக்கத்தில் "உடம்பு வலிக்கு ஒரு செட் கொடுப்பா" என்று கேட்டு வாங்கி, பேப்பர் கவரில் மூன்று நான்கு மாத்திரை கலந்து எடுத்துவருவது இன்னும் நடக்கிறது. அதில் பெரும்பாலும் டைக்ளோஃபெனாக் மாதிரி வலி மாத்திரை இருக்கும், சில சமயம் ஸ்டீராய்டும் இருக்கும். நீர் மாத்திரை சாப்பிடுகிற 80 வயதுச் சிறுநீரகத்துக்கு வலி மாத்திரை பெரிய அடி. ஸ்டீராய்டு சர்க்கரையை ஏற்றும், அதைப் பார்த்து டாக்டர் சர்க்கரை மாத்திரையைக் கூட்டுவார், செட் நிறுத்திய வாரம் சர்க்கரை இறங்கும். உலகத்தின் எந்த ஏஐ-யும் சீட்டில் இல்லாத இந்தக் கவரைப் பார்க்க முடியாது. மாடத்திலும் தலையணைக்கு அடியிலும் பார்க்க வேண்டியது நீங்கள்தான்.

எங்கள் மாவட்டங்களுக்கே உரிய ஒன்றும் உண்டு. நிலத்தடி நீரில் ஃப்ளூரைடு. ஒரு லிட்டரில் 1.5 மில்லிகிராம்தான் அதிகபட்சம் என்பது இந்திய அளவுகோல், இங்கே பல கிணறுகளில் அதைத் தாண்டும். ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் 2013-ல்தான் வந்தது. அதாவது இன்று 80 வயதாகும் உங்கள் அம்மா அறுபதைத் தாண்டும் வரை ஊர்க் கிணற்றுத் தண்ணீரையும் போர் தண்ணீரையும் குடித்திருப்பார். ஃப்ளூரைடு முதுகெலும்பை எக்ஸ்ரேயில் அடர்த்தியாகக் காட்டும். அடர்த்தி கூடினால் எலும்பு உறுதி என்று வேறு ஊர்ப் படங்களில் பழகிய மென்பொருள் சொல்லிவிடலாம். ஆனால் இந்த அடர்த்தி உறுதி தராது, எலும்பு நொறுங்கக்கூடியதாகவே இருக்கும். விறைத்த முதுகும் இறுகிய நடையும் உள்ள ஒருவர் இங்கே வந்தால், எந்த ஊர், எந்தக் கிணறு என்று கேட்காமல் நாங்கள் முடிவுக்கு வருவதில்லை. அந்தக் கேள்வியை இதுவரை எந்தச் செயலியும் கேட்டு நான் பார்க்கவில்லை.

பெரிய ஆஸ்பத்திரிகளில் இருக்கும் ஏஐ வேறு வகை. நோயாளியின் நாடி, ரத்த அழுத்தம், பரிசோதனை எண்கள் எல்லாவற்றையும் தொடர்ந்து பார்த்து, இவருக்கு நிலைமை மோசமாகப் போகிறது என்று மணி அடிப்பவை. அங்கேயும் கண்ணை மூடிக்கொண்டு நம்ப இடமில்லை. ரத்தத்தில் தொற்று பரவுவதை முன்கூட்டிச் சொல்ல எபிக் நிறுவனம் தந்த மென்பொருள் அமெரிக்காவில் நூற்றுக்கணக்கான ஆஸ்பத்திரிகளில் ஓடியது. மிச்சிகன் பல்கலைக்கழகத்தினர் தங்கள் நோயாளிகளிடம் அதைச் சோதித்து 2021-ல் வெளியிட்டார்கள்: தொற்று பரவியவர்களில் மூன்றில் இரண்டு பேரை அது பிடிக்கவில்லை, அதே சமயம் அனுமதிக்கப்பட்ட எல்லோரிலும் 18 சதவீதம் பேருக்கு மணி அடித்தது. வயதானவர்களிடம் இந்த வேலை இன்னும் கடினம். அவர்களுக்குத் தொற்று வந்தால் காய்ச்சல் அடிக்காமலே போகலாம். நேற்றுவரை பேரன் பெயர் சொன்னவர் இன்று யாரையோ கூப்பிடுகிறார் என்பதுதான் முதல் அறிகுறி. அதை மானிட்டர் காட்டாது, பக்கத்தில் படுத்திருந்த மருமகள் சொல்வார். வயதானவர்களின் தகவல் குறைவாக உள்ள ஏஐ அவர்களுக்கே பாதகமாகலாம் என்று உலக சுகாதார நிறுவனம் 2022-ல் தனியாக ஒரு அறிக்கையே வெளியிட்டது.

விழித்திரையைப் படம் எடுத்துச் சர்க்கரைப் பாதிப்பைச் சொல்லும் ஏஐ நம்மவர்களுக்கு நெருக்கமானது. கூகுளின் கருவியை மதுரை அரவிந்த் கண் மருத்துவமனை, சென்னை சங்கர நேத்ராலயா படங்களையும் வைத்துத்தான் பழக்கினார்கள், 2016-ல் சோதனை முடிவு வந்தது, அருமையான முடிவு. பிறகு தாய்லாந்தின் சிகிச்சை மையங்களில் வைத்துப் பார்த்தபோது ஐந்தில் ஒரு படத்தை, தெளிவு போதாது என்று அது ஏற்க மறுத்தது. கண்புரை விழுந்த கண்ணிலும் படம் தெளிவாக வராது, கண்புரை யாருக்கு அதிகம் என்று சொல்ல வேண்டியதில்லை. ஆனாலும் இந்தக் கருவி வட்டார அளவிலான ஆஸ்பத்திரிக்கெல்லாம் வர வேண்டும் என்றுதான் சொல்வேன். படம் சரியில்லை என்று ஒத்துக்கொள்கிற ஏஐ நல்ல ஏஐ. அடித்துச் சொல்லி ஏமாற்றுவதைவிட இது எவ்வளவோ மேல்.

எனக்கு உண்மையான ஆசை வேறொரு இடத்தில் இருக்கிறது. மக்களைத் தேடி மருத்துவம் திட்டம் 2021 ஆகஸ்ட் 5-ம் தேதி நம் கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில்தான் தொடங்கியது. அந்தத் திட்டத்தின் தன்னார்வலப் பெண்கள் பிரஷர் மெஷினோடு வீட்டு வாசலுக்கே வருகிறார்கள். மாத்திரைப் பையைப் பார்க்கக்கூடிய ஒரே ஆள் அவர்தான். அவர் கையில் உள்ள போனில், எடையும் கிரியாட்டினினும் போட்டதும் சரியான முறையில் கணக்குப் போட்டு, இந்த மாத்திரை இந்த அம்மாவுக்கு ஒத்துவராது, டாக்டரிடம் கேள் என்று சொல்லும் சின்ன நிரல் ஒன்று இருந்தால் எத்தனை பாட்டிகள் விழாமல் இருப்பார்கள்! அதற்குப் பெரிய ஏஐ கூட வேண்டாம். கணக்கும் பட்டியலும் தெரிந்தால் போதும்.

சரி, இனி நீங்கள் செய்ய வேண்டியது. அடுத்த தடவை ஊருக்குப் போகும்போது ஒரு எடை மெஷினும் பிரஷர் மெஷினும் எடுத்துப் போங்கள். அம்மாவை ஐந்து நிமிடம் படுக்க வைத்து பிரஷர் பாருங்கள். எழுந்து நிற்கச் சொல்லி, பிடித்துக்கொண்டு, ஒரு நிமிடத்திலும் மூன்றாவது நிமிடத்திலும் பாருங்கள். மேல் எண் 20 அல்லது கீழ் எண் 10 குறைந்தால் அதுதான் அவர் கண்ணைக் கட்டுவதற்குக் காரணமாக இருக்கலாம். வீட்டிலுள்ள எல்லா மாத்திரையையும், செட் கவர், தைலம், நாட்டு மருந்து உட்பட, ஒரே மஞ்சப்பையில் போடுங்கள். எது எப்போது தொடங்கியது என்று அக்காவைக் கேட்டு மாதத்தை எழுதுங்கள். மாத்திரைப் பெயரை அட்டையைப் பார்த்து நீங்களே டைப் செய்யுங்கள், டாக்டர் கையெழுத்தைப் போட்டோவில் படிக்க ஏஐ-யை விடாதீர்கள். அமரில் என்ற சர்க்கரை மாத்திரையும் ரெமினில் என்ற ஞாபகமறதி மாத்திரையும் மாறிப்போய், உயிரிழப்பு வரை போனதால்தான் அமெரிக்காவில் 2005-ல் ரெமினிலின் பெயரையே மாற்றினார்கள். பெயர், ஆதார் எண், போன் எண் எதுவும் ஏஐ-க்குப் போக வேண்டாம்.

இவ்வளவும் கையில் வந்தபிறகு ஏஐ-யிடம் தாராளமாகக் கேளுங்கள். "எதை நிறுத்தலாம்" என்று கேட்காமல், "இந்தப் பட்டியலைப் பார்த்து டாக்டரிடம் நான் கேட்க வேண்டிய நான்கு கேள்வி சொல், எந்தக் கணக்கு முறையில் சொல்கிறாய் என்றும் சொல்" என்று கேளுங்கள். பதில் எவ்வளவு தெளிவாக இருந்தாலும் வீட்டிலேயே நிறுத்திவிடாதீர்கள். இதயத் துடிப்பைக் குறைக்கும் மெட்டோபிரோலால், தூக்கத்துக்குக் கொடுக்கும் குளோனசெபாம், வலிப்பு மாத்திரை இவற்றையெல்லாம் சட்டென்று நிறுத்தினாலே ஆபத்து. உங்கள் அம்மாவின் பிரிகாபலினும் படிப்படியாகக் குறைக்க வேண்டிய வகைதான்.

டாக்டர் கோபிப்பாரா என்று கேட்டீர்கள். "ஏஐ உங்கள் மருந்து தப்பு என்கிறது" என்று போனின் திரையை நீட்டினால் எனக்கும் சுருக்கென்றுதான் இருக்கும். "சார், அம்மா விழுந்துவிட்டார். படுத்தால் 150, நின்றால் 122. எடை 40 கிலோ. வீக்கத்துக்கு மாத்திரை தொடங்கிய அடுத்த மாதம் இந்த மயக்கம் வந்தது. கிளிபென்கிளமைடு இந்த வயதுக்குத் தேவையா, பிரிகாபலினைக் குறைக்கலாமா?" என்று ஒரு தாளில் எழுதிக் கொண்டுபோனால், நான் என்றால் அடுத்த டோக்கனைக் கொஞ்சம் நிறுத்திவைத்துவிட்டு, அந்த மஞ்சப்பையை மேசையில் கொட்டச் சொல்வேன்.